மஸ்டாங்கின் பின் ஆக்ஸிலை நேராக நிறுத்துவது: எஸ்197 பின் சஸ்பென்ஷன் மேம்பாட்டுக்கு முழு வழிகாட்டி

2005 முதல் 2014 வரையிலான மாடல் மஸ்டாங்குகளுக்கு ஃபோர்டு வைத்த குறியீடு எஸ்197. இந்த வழிகாட்டி அவற்றுக்கு மட்டும். இந்தியாவில் 2016ல் விற்பனைக்கு வந்த மஸ்டாங் அடுத்த தலைமுறை. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்பவை என்பதால், இங்கே சொல்லும் வேலை எதுவும் அதற்குப் பொருந்தாது. எஸ்197ல் பின்பக்கம் இருப்பது, இரு பின்சக்கரங்களையும் இணைத்து ஒரே இரும்புக் கூடாக வரும் லைவ் ஆக்ஸில். லாரிக்குத்தான் அது லாயக்கு என்று பலர் ஒதுக்குவார்கள். ஆனால் 2012, 2013ல் வந்த பாஸ் 302 இதே ஆக்ஸிலோடுதான் ரேஸ் டிராக்கில் பெயர் வாங்கியது. ஆக்ஸில் எந்தத் திசையில் நகரலாம், எந்தத் திசையில் நகரக்கூடாது என்பதை அதைப் பிடித்திருக்கும் ஆர்ம்கள் சரியாகத் தீர்மானித்தால் போதும், இந்த வண்டி அருமையாக ஓடும். பின்பக்கத்தை வெறுமனே கல் மாதிரி இறுக்குவதால் அது நடக்காது.

ஆக்ஸிலை எது பிடித்திருக்கிறது?

வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கீழ் ஆர்ம்கள் பாடியிலிருந்து பின்னோக்கி வந்து ஆக்ஸிலைப் பிடிக்கும். நடுவில், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியலுக்கு மேலே, ஒரே ஒரு மேல் ஆர்ம். இந்த மூன்றும் ஆக்ஸில் முன்னும் பின்னும் போகாமலும், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கின்றன. இடவலமாக நகராமல் பிடிப்பது பான்ஹார்டு ராடு. அதன் ஒரு முனை பாடியில், மறு முனை ஆக்ஸிலில். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி இடங்களில் நிற்கின்றன. வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி, காரணம் பின்னால் வரும்.

கம்பெனி போட்ட கீழ் ஆர்ம் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்தது. அதன் இரு முனையிலும், போல்ட் நுழையும் இடத்தில், மென்மையான ரப்பர் உறை, அதாவது புஷ். தினசரி ஓட்டத்துக்கு அது போதும். முதல் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் சிக்கல். சக்கரத்தைச் சுழற்றும் விசைக்கு எதிர்விசையாக ஆக்ஸில் கூடு திருகிக்கொள்ளப் பார்க்கும், டிஃப்ரன்ஷியலின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே எழும், ரப்பர் புஷ்கள் முறுக்கேறும். டயர் பிடி விட்டதும் அந்த முறுக்கு அவிழும். உடனே டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்க, மறுபடி முறுக்கேறும். நொடிக்குப் பலமுறை இது நடக்கும்போது பின்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. இதைத்தான் வீல் ஹாப் என்கிறார்கள். சத்தம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆக்ஸில் ஷாஃப்டும் டிஃப்ரன்ஷியல் பற்களும் உடைவதற்கு இது நேர்வழி. அந்தத் தடதடப்பு தொடங்கினால் அந்த நொடியே காலை எடுத்துவிடுங்கள்.

எதை முதலில் மாற்றுவது?

என் வரிசை: கீழ் ஆர்ம்கள், அடுத்து பான்ஹார்டு ராடு, அதற்குப் பிறகு ஸ்பிரிங்கும் ஷாக்கும். மேல் ஆர்மை ரோட்டு வண்டியில் கடைசிவரை தொடாதீர்கள். அது பாடியைப் பிடிக்கும் இடம் பின்சீட்டுப் பகுதிக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே கடினமான புஷ் போட்டால் டிஃப்ரன்ஷியலின் ரீங்காரம் முழுக்க உள்ளே வந்து உட்காரும். போதாததற்கு 2005-10 மாடல்களின் மேல் ஆர்மும் 2011-14 மாடல்களின் மேல் ஆர்மும் ஒன்றல்ல, வாங்கும்போது மாறிப்போக வாய்ப்பு அதிகம். டிராக் ரேஸுக்கென்றே வண்டி கட்டுபவர்கள் மாற்றுவார்கள். அவர்களுக்குச் சத்தம் ஒரு பொருட்டில்லை.

கீழ் ஆர்ம் வாங்கும்போது விலைக்கும் பிராண்டுக்கும் முன்னால் புஷ்ஷைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் சாயும், கூடவே கீழ் ஆர்மும் தன் நீளவாக்கில் திருக வேண்டியிருக்கும். ரப்பர் அந்தத் திருகலுக்கு வளைந்துகொடுக்கும். இரு முனையிலும் பாலியூரிதேன் என்ற கடினமான பிளாஸ்டிக் புஷ் இருந்தால் திருக இடமில்லாமல் ஆர்ம் இறுகிக்கொள்ளும். வளைவில் ஓட்டும்போது பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு பக்கமும் ஸ்ஃபெரிக்கல் பேரிங் (எல்லாப் பக்கமும் திரும்பும் உலோக உருண்டை மூட்டு) போட்டால் அந்தப் பிரச்சினை போய்விடும், ஆனால் ரோட்டின் ஒவ்வொரு பொடிக்கல்லும் காதில் கேட்கும், பேரிங்கும் தூசி தண்ணீரில் சீக்கிரம் தேய்ந்துபோகும். ரோட்டிலும் எப்போதாவது டிராக்கிலும் ஓடும் வண்டிக்கு ஒரு முனையில் பாலியூரிதேன், மறு முனையில் ஸ்ஃபெரிக்கல் பேரிங் உள்ள ஆர்ம்தான் என் தேர்வு. நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் வேண்டாம், நிலையான நீளமே போதும். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் சம நீளத்துக்கு வைக்கும் வேலை உங்களுக்கு மிச்சம்.

பான்ஹார்டு ராடு விஷயத்தில் நேர்மாறு: அது நீளம் மாற்றக்கூடியதாகத்தான் இருக்க வேண்டும். ராடு ஒரு வட்ட வில்லில்தான் ஆட முடியும். அதனால் வண்டியைத் தாழ்த்தியதும் ஆக்ஸில் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், ஒரு டயர் வெளியே துருத்திக்கொண்டும் மற்றது உள்ளே பதுங்கிக்கொண்டும் நிற்கும். ராடின் நீளத்தைத் திருத்தினால்தான் நடுவுக்கு வரும். வாட்ஸ் லிங்க் என்று இன்னொரு ஏற்பாடும் கிடைக்கிறது. ஆக்ஸில் ஏறி இறங்கும்போது பக்கவாட்டில் நகராமலே இருப்பது அதன் சிறப்பு. அருமையான பொருள்தான், ஆனால் விலையும் எடையும் கூடுதல். முதல் மேம்பாட்டுக்கு அவசியமில்லை.

ரீலொகேஷன் பிராக்கெட் யாருக்கு?

கீழ் ஆர்மின் முன் முனை பின் முனையைவிடச் சற்று உயரமாக, முன்னோக்கி ஏறும் சரிவில் இருந்தால், வண்டி பாயும்போது ஆர்ம் ஆக்ஸிலைக் கீழ்நோக்கி ரோட்டில் அழுத்தும். ஆன்டி-ஸ்குவாட் என்பது இதுதான். குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தும்போது ஆர்மின் முன் முனை பாடியோடு சேர்ந்து இறங்கி, சரிவு குறைந்துவிடுகிறது. அழுத்தம் போகிறது, டயர் சுழல்கிறது. தாழ்த்திய வண்டி முன்பைவிட மோசமாகப் பிடிக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். ரீலொகேஷன் பிராக்கெட் ஆர்மின் பின் முனையை ஆக்ஸிலில் இன்னும் கீழே கொண்டுபோய்ப் பழைய சரிவைத் திருப்பித் தருகிறது.

பிராக்கெட்டில் வழக்கமாக ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருக்கும். கீழ்த் துளை சரிவைக் கூட்டும், நேர்கோட்டில் பாய்ச்சலுக்கு நல்லது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சரிவு கூடக்கூட, வளைவில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பின்னுக்கும் உள்பக்கச் சக்கரம் முன்னுக்கும் நகர்ந்து, ஆக்ஸில் தானாகவே வெளிப்புறம் பார்க்கத் திரும்பும். ஓட்டுபவருக்கு அது பின்பக்கம் வீசுவதுபோலத் தெரியும். வளைவுகளில் ஓட்டுபவர்கள் மேல் துளையில் நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி தாழ்த்தப்படாமல் கம்பெனி உயரத்திலேயே இருந்தால் இந்த பிராக்கெட்டே தேவையில்லை.

முன்தயாரிப்பு

வேண்டியவை: டிராலி ஜாக்கி இரண்டு, ஜாக்கி ஸ்டாண்ட் நான்கு, 13 முதல் 24 மி.மீ. வரையிலான ஆழமான சாக்கெட்டுகள், நீண்ட பிரேக்கர் பார், இறுக்கும் முறுக்கு விசையை (டார்க்) 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் அளக்கும் டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் ஸ்பிரே, கம்பி பிரஷ், பெயின்ட் மார்க்கர், அளவு நாடா, தூக்குக்குண்டு. அத்தோடு உங்கள் மாடல் ஆண்டுக்கான ஃபோர்டு ஒர்க்‌ஷாப் மேனுவல். டார்க் அளவுகளை அதிலிருந்தும் கிட்டோடு வரும் தாளிலிருந்தும் மட்டும் எடுங்கள். வேறு ஆண்டு வண்டிக்காரர் சொன்ன எண்ணை நம்பி இறுக்காதீர்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹையோ போன்ற இடங்களில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டியில் போல்ட், புஷ்ஷின் உட்குழலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தைய நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். புது போல்ட், நட்டு செட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், தலையில் பொறித்திருக்கும் தர எண் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

ஜாக்கியைத் தொடுவதற்கு முன் அளவெடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்னும் பின்னும் ஒருமுறை உருட்டி சஸ்பென்ஷனைத் தளர விடுங்கள். ஒவ்வொரு பக்கமும் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உயரம் எவ்வளவு? ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூலுக்கும் ரிம்முக்கும் இடையே இடைவெளி எவ்வளவு? நான்கு எண்கள். எழுதி வையுங்கள், அடியில் நாலு பக்கமும் போட்டோவும் எடுங்கள். சரியாக முடித்தோமா என்பதை இந்த எண்கள்தான் சொல்லும்.

வண்டியைத் தூக்குவது

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவை தரையை விட்டு எழுந்ததும் அதனால் பயனில்லை. ஆகவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிஃப்ரன்ஷியல் கூட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, பாடியின் வலுவான பகுதிகளில், மேனுவல் காட்டும் இடங்களில், இரண்டு ஸ்டாண்ட் நிறுத்துங்கள். அதே ஜாக்கியால் ஆக்ஸிலைத் தாங்கியபடியே, வண்டி தரையில் நிற்கும்போது இருந்த உயரத்துக்குப் பக்கமாக வையுங்கள். மீதி இரண்டு ஸ்டாண்டுகளை ஆக்ஸில் குழாய்களுக்கு அடியில் துணைக்கு விடுங்கள். பிறகு சக்கரங்களைக் கழற்றலாம். உடம்பு வண்டிக்கு அடியில் போகும் எந்த நேரத்திலும் எடை ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக்கூடாது. இதில் சமரசமே இல்லை.

கீழ் ஆர்ம்கள்: ஒரு நேரத்தில் ஒரு பக்கம்

இரண்டு ஆர்ம்களையும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்ஸில் முன்னோ பின்னோ சுழன்று நின்றுவிடும், மறுபடி துளைகளைப் பொருத்துவது பெரும்பாடு. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

ஆர்ம் போல்ட்டுகள் இரண்டையும் தளர்த்துங்கள். நட்டு கழன்ற பிறகும் போல்ட் வர மறுத்தால், அதன்மேல் இன்னும் எடை இருக்கிறது என்று பொருள். சுத்தியலால் அடித்து மரையைக் கெடுப்பதைவிட, ஜாக்கியைச் சிறிது ஏற்றி இறக்கிப் பாருங்கள். எடை சமமாகும் இடத்தில் போல்ட் விரலால் தள்ளினாலே வெளியே வரும். பழைய ஆர்மை இறக்கி, பிராக்கெட்டின் உட்பக்கத்தைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். உலோகத்தில் வெடிப்போ துளை நீளமாகத் தேய்ந்திருப்பதோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துளை ஓவலாகியிருந்தால் புது ஆர்ம் போட்டும் டக்டக் சத்தம் போகாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ரீலொகேஷன் பிராக்கெட் போடுவதாக இருந்தால் இதுதான் அதற்கான நேரம். சில கிட்டுகள் போல்ட்டில் மட்டும் நிற்கும், சிலவற்றுக்குக் கூடுதல் துளையோ வெல்டிங்கோ வேண்டும். கடுமையாக ஓட்டும் வண்டிக்கு வெல்டிங் நம்பகமானது. ஆனால் எஸ்197ல் பெட்ரோல் டேங்க் ஆக்ஸிலுக்கு நேர் முன்னால் இருக்கிறது, பிரேக் லைன்கள் ஆக்ஸில்மேலேயே ஓடுகின்றன. இந்த வெல்டிங்கைப் பழகிய ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்கள் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதை, டேங்க் பக்கம் தீப்பொறி போகாமல் மறைப்பதை நின்று பாருங்கள்.

புது ஆர்மின் பாலியூரிதேன் புஷ்ஷிலும் உட்குழலிலும் கிட்டோடு வந்த கிரீஸை நன்றாகத் தடவுங்கள். வேறு கிரீஸ் சில நேரம் பாலியூரிதேனை உப்ப வைக்கும். கிரீஸ் நிப்பிள் இருந்தால், வண்டி தரையில் நிற்கும்போது கிரீஸ் கன் எட்டும் பக்கமாக அது திரும்பியிருக்கட்டும். போல்ட்டுகளைக் கோர்த்து, நட்டுகளைக் கையிறுக்கத்துக்குச் சற்று மேலே மட்டும் இறுக்குங்கள். இப்போதைக்கு அவ்வளவுதான். மறு பக்கத்தையும் இதேபோல் முடியுங்கள்.

பான்ஹார்டு ராடு

எளிய வேலை. பழைய ராடைக் கழற்றி, இரு போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து, புது ராடையும் அதே நீளத்துக்கு வையுங்கள். திருகு முனைகள் இரண்டும் ராடுக்குள் ஏறக்குறைய சமமாக இறங்கியிருக்க வேண்டும். எந்த முனையிலும் உள்ளே இருக்கும் மரையின் நீளம் அந்தத் திருகின் விட்டத்தைவிடக் குறையக்கூடாது. பொருத்திய பின் ஜாக்கியால் ஆக்ஸிலை மெதுவாக ஏற்றி, ராடு டிஃப்ரன்ஷியல் மூடியிலோ சைலன்சர் குழாயிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். பூட்டு நட்டை இப்போது இறுக்க வேண்டாம்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும்

ஸ்பிரிங் தனியாக நிற்பதன் பலன் இங்கேதான்: ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாமலே கழற்றலாம். டிக்கியின் பக்கவாட்டு மூடுதுணியை விலக்கினால் ஷாக்கின் மேல் நட்டு தெரியும். அதையும் கீழ் போல்ட்டையும், வளைவில் பாடி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பார் கம்பியின் லிங்குகளையும் கழற்றுங்கள். பான்ஹார்டு ராடின் ஒரு முனையையும் விடுவித்தால் ஆக்ஸில் தாராளமாக இறங்கும். துணைக்கு வைத்த ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஒருவர் ஜாக்கியைப் பார்க்க, இன்னொருவர் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் சென்சார் வயரையும் பார்ப்பது நல்லது. ஹோஸ் இழுபடத் தொடங்கினால் அதன் கிளிப்பை விடுவித்து இடம் கொடுங்கள், ஆக்ஸிலின் எடை ஒருபோதும் ஹோஸில் தொங்கக்கூடாது. ஸ்பிரிங் தளர்ந்ததும் கையால் எடுத்துவிடலாம்.

பழைய ரப்பர் இருக்கைகளைப் புது ஸ்பிரிங்குக்கு மாற்றி, கம்பியின் முனை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரும்படி வையுங்கள். கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. கடினமான ஸ்பிரிங் எழும்பும் வேகத்தைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது, வேகத்தில் மேடு தாண்டியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஊசலாடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், முடியாவிட்டால் பணம் சேரும்வரை கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஓட்டுங்கள்.

இறுதி இறுக்கம்: எடை ஆக்ஸிலில் நிற்கும்போது

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், அவசரத்தில் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ரப்பர் புஷ் அதன் குழலோடு ஒட்டவைக்கப்பட்டது, அது சுழலாது, முறுகும். ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் புஷ் நிரந்தரமாக முறுகிய நிலையில் மாட்டிக்கொள்ளும். வண்டி உயரம் பொய் சொல்லும், ஓட்டம் கரடாகும், ரப்பர் விரைவில் கிழியும். பாலியூரிதேன் சுழலக்கூடியது என்றாலும் அதற்கும் இதே முறையைக் கடைப்பிடியுங்கள்.

சக்கரங்களை மாட்டி, வண்டியை ரேம்ப்பில் ஏற்றி நிறுத்துங்கள். ரேம்ப் இல்லையென்றால் ஆக்ஸில் குழாய்களுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து வண்டியின் எடை முழுவதையும் அதில் இறக்குங்கள். பின்பக்கத்தை இரண்டு முறை அமுக்கி விடுங்கள். இப்போது கீழ் ஆர்ம் போல்ட்டுகள், பான்ஹார்டு ராடு போல்ட்டுகள், ஷாக்கின் கீழ் போல்ட், ஸ்வே பார் லிங்க் என்று ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. பின்னாளில் எது தளர்ந்தாலும் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

நடுவுக்குக் கொண்டுவருவது

வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி, கொஞ்சம் உருட்டிவிட்டு, தூக்குக்குண்டு அளவை மறுபடி எடுங்கள். இரு பக்கத்துக்கும் 6 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஆக்ஸில் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது என்று கணக்கு. ராடின் இரு முனையிலும் எதிரெதிர் மரை இருந்தால், போல்ட்டைக் கழற்றாமலே ராடைத் திருகி நீளத்தை மாற்றலாம். ஒரு சுற்று, கொஞ்சம் உருட்டல், மறுபடி அளவு. இரு பக்கமும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் வந்ததும் பூட்டு நட்டுகளை இறுக்குங்கள். ஃபெண்டர்கள் இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் இருப்பதில்லை, ஆகவே பூஜ்யத்தைத் துரத்த வேண்டாம்.

லைவ் ஆக்ஸிலில் பின்சக்கரங்களின் டோ (உள்ளே, வெளியே திரும்பும் கோணம்), கேம்பர் (செங்குத்திலிருந்து சாயும் கோணம்) சரிசெய்ய ஏதுமில்லை. இருந்தாலும் அலைன்மென்ட் மெஷினில் ஒருமுறை ஏற்றி த்ரஸ்ட் ஆங்கிளைப் பாருங்கள், ஆக்ஸில் கோணலாக நிற்கிறதா என்பதை அது ஒன்றுதான் துல்லியமாகச் சொல்லும். உயரம் மாறியிருந்தால் ஹெட்லைட் விழும் உயரத்தையும் சரிசெய்யுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் காலியான தெருவில் மெதுவாகப் போய், பிரேக்கை நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள். பிறகு வேகத்தடைகளில் ஏற்றி இறக்குங்கள். டக் என்ற ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு போல்ட் சரியாக இறுகவில்லை, உடனே நிறுத்திப் பாருங்கள். கிறீச் என்ற சத்தம் பாலியூரிதேனில் கிரீஸ் போதவில்லை என்பதன் அடையாளம். டிஃப்ரன்ஷியல் ரீங்காரம் முன்பைவிடச் சற்றுக் கூடக் கேட்டால் அது கடினமான புஷ்ஷின் இயல்பு. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் வண்டி அதிர்ந்தால், உயரம் மாறியதில் டிஃப்ரன்ஷியல் மூக்குக்கும் அதற்கு எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் இடையிலான கோணம் கெட்டிருக்கலாம், அந்தக் கோணத்தை அளந்து பாருங்கள்.

முதல் கியரில் முழுப் பாய்ச்சலை முதல் நாளே சோதிக்காதீர்கள். 150 கிலோமீட்டர் போல ஓட்டியபின் வண்டியை மறுபடி ரேம்ப்பில் ஏற்றி, பெயின்ட் கோடுகளைப் பார்த்து, எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, தூக்குக்குண்டு அளவை இன்னொருமுறை எடுங்கள். புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமர்ந்திருக்கும், பான்ஹார்டு ராடுக்கு அரைச் சுற்றுத் திருத்தம் தேவைப்படலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் நிப்பிள்களில் கிரீஸ் அடித்து, ஸ்ஃபெரிக்கல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.